பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவது எப்படி?

ராக் பேண்டில் கிட்டார்காரர் பாடுவது ஓரளவு சுலபம். பாடும் நேரத்தில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, தட்டிக்கொண்டிருந்தால் போதும், பாட்டும் கையும் ஒரே பக்கம் போகும். அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் அப்படி இல்லை. கை டிரம்ஸோடு நிற்க வேண்டும், வாய் மெலடியோடு போக வேண்டும். இரண்டுக்கும் எடுப்பு வேறு வேறு இடத்தில் வரும். பல வருடங்களாக இரண்டையும் சேர்த்துச் செய்கிறவன் என்பதால் என் முதல் விதியைச் சொல்லிவிடுகிறேன்: வாயைத் திறப்பதற்கு முன் பேஸ் பாகம் கைக்குள் போயிருக்க வேண்டும்.

போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? வாசித்துக்கொண்டே பேசிப் பாருங்கள். எங்கள் டிரம்மர் நடுவில் கணக்குக் கேட்பார், பதினேழும் எட்டும் எவ்வளவு என்று. பதில் சொல்லும்போது கை தடுமாறினால் அந்தப் பாட்டில் இன்னும் வேலை இருக்கிறது.

அப்புறம் வரிகளைத் தாளில் எழுதி, எந்த அசை எந்த பேஸ் நோட்டின் (ஸ்வரத்தின்) மேல் விழுகிறது என்று கோடு போடுங்கள். எது இரண்டு நோட்டுக்கு நடுவில் விழுகிறது என்பதையும் குறியுங்கள். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்துக்கு இறக்குங்கள். நிமிடத்துக்கு 120 தட்டில் போகும் பாட்டு என்றால் 60. முதலில் சுருதி வேண்டாம், வரிகளைத் தாளத்தில் பேசினால் போதும். அது சரியாக வந்தபின் பாடுங்கள். முழுப் பாட்டும் சிக்கலாக இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரு பார்தான் (தாளத்தின் ஒரு சுற்று) முடிச்சாக இருக்கும். அந்த பாரையும் அடுத்த பாரின் முதல் நோட்டையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அந்த முதல் நோட்டை விட்டுவிட்டால், மேடையில் சரியாக அங்கேதான் இடறும்.

அப்படியும் வரவில்லையா? நோட்டைக் குறையுங்கள். பாடும் இடத்தில், காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ரூட் நோட்டை (கார்டின் அடிப்படை ஸ்வரத்தை) மட்டும் பிடித்து, அலங்காரங்களையெல்லாம் குரல் ஓயும் இடைவெளிக்குத் தள்ளிவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தி போலீஸ் பேண்டில் ஸ்டிங் வாசித்ததைக் கேளுங்கள், எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார்! ரஷ் பேண்டின் கெடி லீ பேஸ், குரல், கீபோர்டு, போதாததற்குக் காலால் பெடல் என்று எல்லாவற்றையும் செய்தவர். அவரைப் பார்த்து ரசிக்கலாம், தொடக்கத்திலேயே அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டின் சுருதியை முதல் ரிஹர்சலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நாலு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் கம்பி ஈ (E) ஸ்வரம், ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். குரலுக்காக ஈ-யில் இருக்கும் பாட்டை டி-க்கு (D) இறக்கினால் அந்தக் கீழ் நோட்டு உங்களிடம் இருக்காது. கம்பியைத் தளர்த்த வேண்டும், அல்லது ஐந்து கம்பி பேஸுக்குப் போக வேண்டும். மனப்பாடம் ஆன பிறகு இதைச் செய்தால் விரல் இடமெல்லாம் மாறி, உழைத்ததில் பாதி வீண். குரலுக்கு அரை ஸ்வரம் இறக்கினால் போதும் என்றால், பேண்ட் மொத்தமும் அப்படி இறக்கி டியூன் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

உட்கார்ந்து பழகும்போது பேஸ் இருக்கும் உயரத்திலேயே நிற்கும்போதும் இருக்கும்படி ஸ்ட்ராப்பை வையுங்கள். குனிந்து ஃப்ரெட்டை (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் உலோகக் கோடுகளை) பார்த்தால் வாய் மைக்கை விட்டு விலகும். பேஸின் கழுத்து ஓரத்தில் இருக்கும் புள்ளிகளைக் கடைக்கண்ணால் பார்த்தே இடம் பிடிக்கப் பழகுங்கள். மோட்டர்ஹெட் பேண்டின் லெம்மி மைக்கைத் தலைக்கு மேலே வைத்து அண்ணாந்து பாடினார். அவருக்கு அது அழகாக இருந்தது. எனக்குக் கழுத்து நேராக இருந்தால்தான் மேல் நோட்டு வருகிறது.

மானிட்டரில் (மேடையில் உங்களைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கரில்) உங்கள் பேஸைக் கூட்டச் சொல்லாதீர்கள். சத்தமான மேடையில் அடி ஸ்வரத்தை வைத்துச் சுருதி பிடிப்பது கஷ்டம். கிட்டாரோ கீபோர்டோ தெளிவாகக் கேட்கட்டும், தாளத்துக்குக் கிக் கேட்கட்டும், மிச்சமெல்லாம் உங்கள் குரல்.

பாட்டு வரிசை போடும்போது கையும் வாயும் அதிகம் மோதும் பாட்டை முதலில் வைக்காதீர்கள், கடைசியிலும் வேண்டாம். முதலில் என்றால் விரல் சூடாகியிருக்காது, கடைசியில் என்றால் மூச்சு மிச்சமிருக்காது. நான் நாலாவதாக வைப்பேன். அதற்கு அடுத்து கிட்டார்காரர் பாடும் ஒன்று.