இங்க்ஜெட் பிரிண்டரில் மை காயாமல் பார்த்துக்கொள்வது எப்படி

வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் பெரும்பாலும் உழைத்துத் தேய்வதில்லை. சும்மா கிடந்தே கெடுகிறது. அதில் பயன்படும் மையின் பெரும்பகுதி தண்ணீர். மையைத் தாளில் தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டில் உள்ள துளைகளோ தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. பல நாள் பயன்படுத்தாமல் விட்டால், துளையின் வாயில் நிற்கும் மையிலிருந்து ஈரம் ஆவியாகி, சாயம் மட்டும் பிசினாக இறுகி வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே, வாரத்துக்கு ஒரு முறையேனும் எல்லா நிறங்களும் இடம்பெறும் ஒரு பக்கத்தை அச்சிடுவதே முதன்மையான பராமரிப்பு. கறுப்பு எழுத்து மட்டும் உள்ள கடிதங்களைத் தினமும் அச்சிட்டாலும், மற்ற நிறங்களின் துளைகளில் போதிய மை ஓடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அணைக்கும் முறையும் இதே அளவுக்கு முக்கியம். பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தி அணைக்கும்போது, பிரிண்ட் ஹெட் ஓரத்துக்குச் சென்று, துளைகளைக் காற்றுப் புகாமல் மூடும் ஒரு ரப்பர் மூடியின் மேல் அமர்கிறது. அச்சாகிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஹெட் பாதி வழியில் நின்றுபோகும். மூடப்படாத துளைகள் விரைவில் காய்ந்துவிடும். எனவே பொத்தானை அழுத்தி, உள்ளே கேட்கும் ஓசை அடங்கி, விளக்கும் அணைந்த பிறகே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

அச்சில் வெள்ளைக் கோடுகள் விழுந்தாலோ, ஒரு நிறம் வராமல் போனாலோ, உடனே சுத்தம் செய்யத் தொடங்காமல் முதலில் நாசில் செக் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் மெல்லிய கோடுகளாக வரும் அந்தக் கட்டத்தில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறதோ, அங்குள்ள துளைகளே அடைபட்டவை. அதன்பின், துளைகள் வழியே மையை உறிஞ்சி அடைப்பை நீக்க மென்பொருளில் இருக்கும் ஹெட் கிளீனிங் வசதியை ஒரு முறை இயக்கி, மறுபடியும் நாசில் செக் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்குள் சரியாகவில்லை என்றால், பிரிண்டரை அணைத்து, குறைந்தது ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே வந்திருக்கும் புதிய மை, இறுகிய மையை மெல்ல ஊறவைத்துக் கரைக்க நேரம் வேண்டும். மறுநாள் காலையில் செய்யும் ஒரே சுத்தம் பெரும்பாலும் பலன் தந்துவிடும். பொறுமையிழந்து ஒரே மாலையில் எட்டு முறை ஹெட் கிளீனிங்கை இயக்கி, கார்ட்ரிட்ஜில் இருந்த மை முழுவதையும் தீர்த்த பிறகே எனக்கு இது புரிந்தது. உறிஞ்சப்படும் மை எங்கும் மறைந்துபோவதில்லை. பிரிண்டரின் அடியில் உள்ள கழிவு மைப் பஞ்சில் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தால், பல பிரிண்டர்கள் அதை மாற்றும்வரை அச்சிடவே மறுக்கும்.

இவ்வளவுக்கும் அசையாத அடைப்பைக் கையால் சுத்தம் செய்யலாம். ஆனால் எந்த வகைப் பிரிண்டர் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். துளைகள் கார்ட்ரிட்ஜிலேயே அமைந்த வகையானால், அதை வெளியே எடுத்து, இழை விடாத துணியை வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்து மடித்து, துளைப் பகுதி அதன்மேல் படும்படி ஓரிரு நிமிடம் வைத்து எடுக்கலாம். மையின் நிறங்கள் துணியில் தெளிவாகப் பதிந்தால் வழி திறந்துவிட்டது என்று பொருள். சாதாரணக் குழாய் நீர் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் துளையில் படியும். கார்ட்ரிட்ஜில் உள்ள செப்பு நிற மின் தொடுபுள்ளிகளை விரலால் தொடாதீர்கள். ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிலையாக இருக்கும் வகையில், ஊசியாலோ குச்சியாலோ துளைகளைக் குத்திப் பார்ப்பது முற்றிலும் தவறு. அவ்வகையில் ரப்பர் மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் காய்ந்த மையை ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே பயன் தெரியும்; விளிம்பு அழுக்காக இருந்தால் மூடி சரியாகப் பொருந்தாது, உறிஞ்சும் விசையும் குறைந்துவிடும்.

நாசில் செக் குறையின்றி வந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், அது அடைப்பு அல்ல; ஹெட் அச்சிடும் இடத்தைச் சீராக்கும் ஹெட் அலைன்மென்ட் செய்ய வேண்டும். ஹெட் நகரும் பாதையில் குறுக்கே நீளும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டையில் மையோ கிரீஸோ பட்டிருந்தாலும், ஹெட் தன் இடம் அறியாமல் தடுமாறும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதை ஈரத்துணியால் மிக மென்மையாகத் துடைக்கலாம், இழுக்கக் கூடாது.

தாள் வழுக்கினாலோ ஒரே நேரத்தில் இரண்டாக இழுபட்டாலோ, ரோலரில் தாள்தூசி படிந்திருக்கும். ரோலரைக் கையால் சுழற்றியபடி ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

இங்க் டேங்க் உள்ள பிரிண்டரில் மையைக் கீழ்க்கோட்டுக்கு வருமுன்பே நிரப்பிவிட வேண்டும், குழாயில் காற்றுப் புகுந்தால் அதை வெளியேற்றவே நிறைய மை செலவாகும். நீண்ட நாள் வெளியூர் போவதானால் கார்ட்ரிட்ஜ்களைக் கழற்றி வைக்காதீர்கள். அவை உள்ளேயே, ரப்பர் மூடியின் காவலில் இருக்கட்டும்.