முப்பரிமாணச் செயலியில் உடற்கூறியல்: முதலில் மறையுங்கள், பிறகு காட்டுங்கள்

முப்பரிமாணச் செயலியைப் பெரிய திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினால் மாணவர்கள் ரசிப்பார்கள். மனதில் தங்குவது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எலும்பிலிருந்து தொடங்குங்கள்.

மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம். திரையில் அங்குள்ள 8 சிறு எலும்புகள் மட்டும். "இதற்குக் கூரையாக எது வரும்?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகே ஃப்ளெக்ஸர் ரெட்டினாக்குலம் என்ற பட்டையான திசுவைக் கொண்டுவாருங்கள். அப்புறம் உள்ளே போகும் 9 தசைநாண்கள், மீடியன் நரம்பு என ஒவ்வொன்றாக. சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு அந்தக் கூரைக்கு வெளியே போவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கூரைக்கு உள்ளே மீடியன் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் பிரச்சினையில் சுண்டுவிரல் ஏன் பொதுவாக மரத்துப்போவதில்லை என்பது தானாகவே புரிந்துவிடும்.

சரி, அடுத்து அதே இடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டப் படங்கள் (உண்மையான உடல்களின் குறுக்குவெட்டுப் படங்கள்) இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண் உடலின் படங்கள் 1994-இலும் பெண் உடலின் படங்கள் 1995-இலும் வெளியானவை என்றாலும் இன்றும் உதவும்.

செயலியில் நரம்பு பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். உண்மையான உடலில் அப்படி இருக்காது. கிளை பிரியும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். டிசெக்‌ஷன் ஹாலுக்குள், அதாவது உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்குள், நுழையும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.