லாஸ்டிக்குக்கு எந்தக் குண்டு, எவ்வளவு ரப்பர்?

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தான். கையில் புது லாஸ்டிக், அதாவது கவை என்கிற பிளவுக் கட்டையில் இரண்டு ரப்பர் பட்டை கட்டி, குண்டு வைக்க நடுவில் தோல் கோத்த உண்டிவில். வீட்டுக்குப் பின்னால், செம்பனை ஓரத்தில் ஒரு பால் டின்னை வைத்துவிட்டு 10 மீட்டர் தள்ளி நின்று அடிக்கிறான். ஒவ்வொரு குண்டும் டின்னுக்குக் கீழே போய் மண்ணைக் கிளறுகிறது.

"மாமா, பெரிய குண்டுதானே பலமா அடிக்கணும்?"

வாங்கிப் பார்த்தேன். குண்டு 10 மில்லிமீட்டர் இரும்பு. ரப்பரோ அதைவிடச் சின்னக் குண்டுக்கு வெட்டிய மெல்லிய பட்டை. குண்டும் நல்ல குண்டு, ரப்பரும் நல்ல ரப்பர். ஆனால் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. அந்தக் காலத்தில் குழல் வாய்வழியாக வெடிமருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கியில், ஈயக் குண்டின் எடையைப் பார்த்துத்தான் மருந்தை அளந்து போடுவார்கள். லாஸ்டிக்கில் மருந்தின் வேலையை ரப்பர் செய்கிறது. அளந்து சேர்க்க வேண்டியது இங்கேயும் உண்டு.

முதலில் குண்டு

ரப்பரை வாங்கிவிட்டுக் குண்டு தேடாதீர்கள். குண்டை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ரப்பரை வெட்டுங்கள். 8 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஏறக்குறைய 2 கிராம். 10 மில்லிமீட்டர் 4 கிராம். விட்டம் 2 மில்லிமீட்டர்தான் கூடியது, எடை இரண்டு மடங்காகிவிட்டது. புதிதாகப் பழகுபவர்களுக்கு 8 போதும்.

கல் வேண்டாம். ஒன்று போல இன்னொன்று இருக்காது, அதனால் ஒரே இடத்தில் விழவும் செய்யாது. கண்ணாடிக் கோலி வேண்டவே வேண்டாம். எனக்கு 12 வயதில் ஒரு கோலி கவையில் பட்டுச் சிதறியது. புருவத்துக்கு மேல் தழும்பு இன்னும் இருக்கிறது. கண் தப்பியது என் நல்ல நேரம்.

எனக்குப் பிடித்தது மண்ணுருண்டை. அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வந்து, அல்லூர் (வடிகால்) ஓரத்துக் களிமண்ணை எடுத்துக் கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டுப் பிசைவார். சப்பாத்தி மாவு பதம் வந்ததும் கயிறு போலத் திரித்து, ஒரே அளவில் கிள்ளி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டுவார். காயும்போது சுருங்கும் என்று கொஞ்சம் பெரிதாகவே உருட்டுவார். நிழலில்தான் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் கீறல் விடும். காய்ந்தபின் 15 மில்லிமீட்டர் இருந்தால் சுமார் 3 கிராம் வரும். பட்ட இடத்தில் பொடியாகிவிடுவதால் திரும்பித் தெறிக்கும் பயம் குறைவு. புல் வெட்டும் மெஷினில் இரும்புக் குண்டு மாட்டி எவர் காலிலாவது பாயும் என்ற கவலையும் இல்லை.

பிறகு ரப்பர்

நாங்கள் சின்ன வயதில் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டுவோம். இப்போது வரும் டியூப்புகள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் இழுத்துவிட்டால் சோம்பலாகத்தான் சுருங்கும். லாஸ்டிக்குக்கு வேண்டியது பால்மரத்து ரப்பர். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட 9 கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறதே, அந்த இனத்து மரத்தின் பால்தான். இழுத்த வேகத்தில் திரும்பும் குணம் அதற்கு உண்டு.

8 மில்லிமீட்டர் இரும்புக்கு அரை மில்லிமீட்டர் தடிமன் பட்டை எடுத்து, கவைப் பக்கம் 20 மில்லிமீட்டர், தோல் பக்கம் 12 மில்லிமீட்டர் அகலம் வருமாறு சரிவாக வெட்டுங்கள். தோல் பக்கம் குறுகினால் இழுத்துப் போக வேண்டிய பாரம் குறையும், வேகம் கூடும். 10 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.7 தடிமனில் 25க்கு 15. மண்ணுருண்டைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவில் தொடங்கலாம்.

நீளத்தை உங்கள் கை சொல்லும். கவையைப் பிடித்த கையை நீட்டி, மற்றக் கையைக் கன்னத்தில் வைத்து, இடையே ஒரு நூலைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 75 சென்டிமீட்டர் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 15. கட்டுவதற்கு இரண்டு முனையிலும் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். ரப்பர் நாள்பட உழைக்க வேண்டுமானால் இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பட்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று குட்டையானால் தோல் திரும்பிக் குண்டு கவையில் மோதும்.

அடித்துப் பார்ப்பது

கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடியைச் சொல்கிறேன். பெரிய அட்டைப் பெட்டிக்குள் பழைய கைலியைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு தாளை ஒட்டுங்கள். துணி தொங்கினால்தான் குண்டின் வேகத்தை வாங்கும். இறுக்கிக் கட்டினால் குண்டு திரும்பி வரும். பெட்டிக்குப் பின்னால் வீடோ வழியோ இருக்கக் கூடாது.

முதல் சில குண்டுகளை அரை இழுப்பில் விடுங்கள். எல்லாம் சரி என்று தெரிந்தபின் முழு இழுப்பு. 10 மீட்டரில் ஐந்து குண்டு, ஒரே நிலை, ஒரே இழுப்பு. அப்புறம் தாளைப் பாருங்கள். கிடையாக விட்ட குண்டு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால், அந்தத் தூரத்துக்குள் 14 சென்டிமீட்டர் இறங்கும். 40 மீட்டர் வேகமானால் 31 சென்டிமீட்டர். இறக்கம் அதிகமாக இருந்தால் ரப்பருக்குக் குண்டு கனம். கவை பிடித்த கையில் தோல் வந்து பட்டென்று அறைந்தால் குண்டு இலேசு. குண்டுக்குப் போகாத வேகம் திரும்பி உங்கள் கைக்கு வருகிறது, ரப்பரும் சீக்கிரம் அறும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். குண்டை மாற்றினால் பட்டையைத் தொடாதீர்கள். பட்டை அகலத்தை மாற்றினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள், மறுபடி ஐந்து குண்டு அடித்துப் பாருங்கள். குறித்தும் வையுங்கள்.

பறவையை அடிக்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பல பறவைகள் அடக்கம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அக்கா மகனுக்கு ரப்பரை மாற்றவில்லை, 8 மில்லிமீட்டர் குண்டைக் கொடுத்தேன். ஐந்தில் நான்கு டின்னில் பட்டது. ஊருக்குக் கிளம்பும் முன் தோல் கட்டிய இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன், ரப்பர் அங்கேதான் முதலில் அறும். மிச்சப் பட்டைகளுக்கு முகப்பவுடர் தூவி, அந்தப் பால் டின்னிலேயே போட்டு மூடி, வெயிலும் எண்ணெயும் படாத அலமாரியில் வைத்தோம்.