6746328388800: ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியல் இந்த எண்ணோடு முடிகிறது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது அந்தக் கட்டுரைதான்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஓர் எண்ணுக்கு இருந்தால் அது உயர் பகு எண். 12க்கு ஆறு காரணிகள்; 1 முதல் 11 வரை எதற்கும் ஆறு கிடையாது. நம் எண்ணுக்கு எத்தனை? தாளும் பேனாவும் போதும்.

படி 1: கடைசி இரண்டு பூச்சியங்களை நீக்குங்கள். 100 என்பது 2² × 5². மீதி 67463283888.

படி 2: ஒற்றைப்படை வரும்வரை பாதியாக்குங்கள். நான்கு முறை போகும், 4216455243 நிற்கும். ஆக மொத்தம் 2⁶.

படி 3: இலக்கங்களைக் கூட்டுங்கள். 36 வருகிறது, எனவே 9ஆல் வகுபடும். ஈவு 468495027. அதன் கூட்டல் 45, மறுபடியும் 9. ஈவு 52055003, இதன் கூட்டல் 20, இனி 3 போகாது. கிடைத்தது 3⁴.

படி 4: 7ஆல் இரண்டு முறை வகுத்தால் 1062347. இதை 11, 13, 17 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே வாருங்கள்: 96577, 7429, 437. அந்த 437தான் 19 × 23.

ஆக, 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

இங்கே கொஞ்சம் நின்று அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் இல்லை. 2⁶ × 3⁴ = 5184. அடுக்குகளை இடம் மாற்றினால் 2⁴ × 3⁶ = 11664. இரண்டுக்கும் 35 காரணிகள்தான், ஆனால் இரண்டாவது பெரியது. அதே காரணிகளைச் சிறிய எண்ணே தந்துவிடுவதால் பெரியது தோற்றுவிடும். 23க்குப் பதில் 29 போட்டாலும் இதே கதிதான். கடைசி அடுக்கு 1ஆகத்தான் இருக்கும், 4, 36 இரண்டும் மட்டுமே விதிவிலக்கு என்பதையும் ராமானுஜன் நிறுவினார். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இது.

படி 5: ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080 காரணிகள்! 1 முதல் 28 வரை ஒன்றுவிடாமல் எல்லாமே இதை மீதியின்றி வகுக்கும். 29இல்தான் முதல் தடை.

பயிற்சிக்கு ஓர் எண் தருகிறேன்: 293318625600. ராமானுஜனின் பட்டியலில் விடுபட்டுப்போன உயர் பகு எண் இது. நம் எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பதும் இதுவே. ஆனாலும் அந்தக் குறுக்குவழி வேண்டாம், பூச்சியங்களை நீக்குவதிலிருந்து தொடங்குங்கள். 19இல் முடிந்து, காரணிகள் 5040 என்று வந்தால் கணக்கு சரி.