மழை விட்ட பிறகு கல்வராயன் மலைக்கு: கடலூர், புதுச்சேரியிலிருந்து காரில் ஒரு நாள்

மேலைநாடுகளில் ஐப்பசி, கார்த்திகை என்றால் இலையுதிர்காலம்; நம் பக்கத்து மலைகளில் இலை உதிர்வது தை, மாசிக்கு மேல்தான். இங்கே ஐப்பசியும் கார்த்திகையும் பச்சைக்கும் மஞ்சுக்கும் ஓடைத் தண்ணீருக்கும் உரிய மாதங்கள். அதைப் பார்க்கக் கடற்கரையிலிருந்து ஒரே நாளில் போய்வர வசதியான இடம் கல்வராயன் மலை.

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மழை கொட்டும் நாளில் போனால் முகட்டில் வெள்ளைத் திரைதான் தெரியும். மழை ஓய்ந்து வெகுநாள் ஆனால் சின்ன ஓடைகள் வற்றிவிடும். இரண்டு மூன்று நாள் பெய்து விட்டதும், ஒரு நாள் இடைவெளி கொடுத்துக் கிளம்புவதே நல்லது. அதற்குள் சாலையில் சரிந்த மண்ணையும் கல்லையும் பெரும்பாலும் அகற்றியிருப்பார்கள். வங்கக் கடலில் புதிதாகத் தாழ்வுநிலை உருவாகியிருந்தால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள்.

கடலூர்க்காரர்களுக்குப் பண்ருட்டி, மடப்பட்டு, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழி. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போய் உளுந்தூர்பேட்டையைப் பிடிக்கலாம். இரண்டு வழியும் கள்ளக்குறிச்சியில் சேரும். அங்கேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

விடியற்காலை நாலரைக்குள் புறப்பட்டாக வேண்டும். காரணம் வெயில். கச்சிராயபாளையம் மலைக்குக் கிழக்கே இருப்பதால் காலைச் சூரியன் முதுகுப் பக்கம் நின்று சரிவு முழுவதையும் துலக்கிக் காட்டும். மதியத்துக்கு மேல் அதே சரிவில் நிழல் விழுந்து பச்சை மங்கிவிடும். சாயங்காலம் திரும்பும்போதும் வெயில் கண்ணில் அடிக்காது.

கிளம்பும் முன் டயர் காற்றை வண்டி சூடாகாத நிலையில் பாருங்கள். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரமான மலைச் சாலைக்கு மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். வைப்பர் ரப்பர் கோடு விட்டுத் துடைத்தால் மாற்றிவிடுங்கள்.

பலர் தடுமாறுவது இறக்கத்தில்தான். நியூட்ரலில் உருட்டினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அது சூடேறிக் கருகல் வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள், வளைவில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

மஞ்சு இறங்கினால் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். ஹை பீம் போட்டால் ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும். கண்ணாடி உள்பக்கம் வியர்த்தால் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற மஞ்சு தானாகக் கலையும், அதுவரை ஓரங்கட்டிக் காத்திருப்பதில் நட்டம் இல்லை. பள்ளத்தாக்கு துண்டு துண்டாகத் திறப்பதைப் பார்க்கக் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான்.

வேலியோரப் புதர்களில் செங்காந்தளைத் தேடுங்கள். மொட்டு விரியும்போது இதழ் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், நாளாக நாளாக அடிவரை சிவக்கும். ஒரே கொடியில் எல்லா நிறமும் இருக்கும். இலை நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றியிருப்பதையும் கவனியுங்கள். கிழங்கு கொடிய நஞ்சு, குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். சாமையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகளுக்குள் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மேகம், பெரியார் அருவிகளுக்குப் போனால் தண்ணீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே கரையேறுங்கள். வனத்துறை அடைத்திருந்தால் வேறு பாதையில் நுழையாதீர்கள்.

மலையேறும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டால் கொண்டை ஊசி வளைவில் குமட்டும். இரண்டு இட்லி போதும். மதியச் சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டு போங்கள். மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் இருட்டும் முன் நெடுஞ்சாலைக்கு வந்துவிடலாம்.