கடையில் கிடைக்கிற மணிக்கு ஏற்ற தையல்

சின்ன மணியில் நகை செய்யப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எந்தத் தையல் சுகம்?" என்று. நான் திருப்பிக் கேட்பது, "கையில் என்ன மணி வைத்திருக்கிறாய்?" என்று. யூடியூப்பில் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் யப்பான் மணியை வைத்துத் தைக்கிறார்கள். மியூக்கி, டோஹோ என்ற இரண்டு கம்பனிகளும் செய்கிற மணி ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கும். யாழ்ப்பாணத்து பான்சிக் கடைகளில் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவது பிளவுசுக்கு ஆரி வேலை செய்கிற மணி. அதில் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு, இன்னொன்று சரிவாக வெட்டுப்பட்டிருக்கும். துணியில் தைத்தால் இந்தக் குறை ஒன்றும் தெரியாது. மணியை மணியோடு சேர்த்துத் தைத்தால் நாலாவது வரிசையிலேயே தெரிந்துவிடும்.

நான் குருநகரில் பிளவுஸ் தைக்கிற ஆள். ஆரி வேலைக்கு வாங்கி மிஞ்சின மணியில்தான் இந்த வேலையைப் பழகினேன். அதனால் என் ஒழுங்கு புத்தகத்து ஒழுங்கு இல்லை. ஒழுங்கில்லாத மணியைப் பொறுத்துப்போகிற தையலை முதலில் பழகுங்கள். மணிக்கு மணி இறுகி நிற்கிற பெயோட்டி மாதிரிக் கண்டிப்பான தையல் கடைசியில் வரட்டும். பழக்குகிறவர்கள் கனபேர் பெயோட்டியில்தான் தொடங்குகிறார்கள். நல்ல மணி இருந்தால் அது சரி. எங்கள் மணிக்குச் சரிவராது.

அளவை 11/0, 8/0 என்று எழுதுவார்கள். இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும். 6/0 ஏறத்தாழ 4 மில்லிமீற்றர், 8/0 என்றால் 3, 11/0 இரண்டைச் சற்றுத் தாண்டும், 15/0 ஒன்றரை. கடையில் இந்த இலக்கத்தைச் சொன்னால் கனபேருக்கு விளங்காது. சின்ன அடிமட்டம் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோய், ஒரு மணியை வைத்து 3 மில்லிமீற்றர் வருகிறதா என்று பாருங்கள். பழகுவதற்கு அதுதான் அளவு. 11/0 பார்க்க வடிவு, ஆனால் முதல் மாதத்தில் கண்ணைக் களைக்க வைக்கும். நிறம் மூன்று போதும், ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்ட மூன்று. கறுப்பும் கடும் நீலமும் சேர்த்து வாங்கினால் இரவில் எது எதுவென்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மணியைத் தெரிந்தெடுக்க வேண்டும். கண்ணாடியை உருக்கி, நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, திரும்பச் சூடாக்கி ஓரத்தை மழுக்கித்தான் இந்த மணியைச் செய்கிறார்கள். நறுக்கும்போது நீளம் பிசகினால் தடிப்பும் மெலிவும் வரும். (இழுத்து நறுக்கும் இந்த வேலை எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. மன்னாரில் மாந்தைத் துறைமுகத்திலும் புதுச்சேரிக்குக் கிட்ட அரிக்கமேட்டிலும் அந்தக் காலத்திலேயே இப்படி மணி செய்திருக்கிறார்கள்.) தடித்த துவாய் ஒன்றை விரித்துக் கொஞ்சம் மணியைக் கொட்டுங்கள். துவாயில் மணி உருளாது, ஊசி நுனியால் எடுக்கவும் சுகம். ஓரம் உடைந்தது எதுவானாலும் எறிந்துவிடுங்கள், அது நூலை அறுக்கும். துளை சிறுத்ததை ஒரு மூடியில் போடுங்கள், அது தொங்கலுக்கு உதவும். மெலிந்ததும் தடித்ததும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், இரண்டுக்கும் பிறகு வேலை இருக்கிறது. பொறுமை இல்லாத ஆட்கள் இந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள். நான் இதைப் பின்னேரத்தில் ரேடியோவைப் போட்டுவிட்டு விறாந்தையில் இருந்து செய்வேன். மின்விசிறி மட்டும் வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. எங்கள் வெயிலில் கழுத்து வியர்க்கிற வியர்வைக்குச் சாயம் பூசின மணி நிறத்தை விட்டுவிடும். ஈரமாக்கின வெள்ளைத் துணியில் நாலைந்து மணியை உரசுங்கள், பிறகு நகப்பூச்சு அகற்றுகிற திரவம் தொட்டு உரசுங்கள். துணியில் நிறம் பிடித்தால் அந்த மணி காதணிக்கு மட்டும். உள்ளே வெள்ளி பூசினது நாளாக ஆகக் கறுக்கும். பொன் நிறப் பூச்சு போட்ட மணியையும் நான் மாலைக்கு நம்புவதில்லை.

இனி நூல். எங்கள் தெருவில் தங்கூசிக்கு, அதாவது மீன்பிடிக்கிற ஒற்றை இழை நூலுக்கு, பஞ்சம் இல்லை. "தங்கூசியிலேயே கோர்த்துப் பாரன் பிள்ளை, அறாது" என்பார் அப்பா. அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. தங்கூசி விறைப்பானது, ஊசியே தேவையில்லை. ஒற்றைச் சரமாகக் கோர்க்க அது காணும். ஆனால் தையலில் நூல் ஒரே மணிக்குள் பலமுறை போய் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டும். தங்கூசி மடிந்த இடத்தில் மடிப்பு மாறாது, முடிச்சு வழுக்கும், வெயில் பட்டால் முறியும். வெளிநாட்டில் மணி தைக்கிறவர்கள் விரும்புகிற பயர்லைன் என்ற நூலும் மீன்பிடிக்கு வந்ததுதான். ஆனால் அது தங்கூசி மாதிரி ஒற்றை இழை இல்லை, பல நுண் இழைகள் சேர்ந்தது. தூண்டில் சாமான் விற்கிற கடையில் பின்னின நூல் கேட்டு, இருப்பதிலேயே மெல்லியதை எடுங்கள். 6 இறாத்தல் பாரம் தாங்குவது சரியாக இருக்கும். அதை வெட்டப் பழைய கத்தரிக்கோல் ஒன்றை ஒதுக்குங்கள். தையல் கத்தரிக்கோலை இந்த நூல் மழுக்கிவிடும், பிறகு பட்டுத்துணி வெட்டும்போது அழ வேண்டிவரும்.

அது கிடைக்காவிட்டால் நைலோன் மணிநூல். நைலோன் இழுபடும், அதனால் தைக்கத் தொடங்க முன்னரே கையால் நன்றாக இழுத்துவிட்டு, தேன்மெழுகில் இரண்டு தரம் உரசுங்கள். தையல் மெஷின் நூல் பழகிப் பார்க்க மட்டும். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம்.

ஆரி ஊசி இதற்கு உதவாது, அது கொளுவி இழுப்பது. மணி ஊசி என்று நீளமாக, மெலிதாக இருக்கும், 10ஆம் இலக்கம் வாங்குங்கள். ஊசியிலும் இலக்கம் கூடினால் மெலிவு. அகப்படாவிட்டால் 10ஆம் இலக்கக் கைத்தையல் ஊசியும் 8/0 மணிக்குள் போகும். பின்னின நூலின் நுனியை நகத்தால் தட்டையாக்கி, இரண்டு விரலுக்கிடையில் நுனி தெரியாத அளவுக்குப் பிடித்து, ஊசிக் கண்ணை அதன்மேல் கொண்டுவந்து அழுத்துங்கள். நூலைக் கண்ணுக்குள் துரத்துவதைவிட இது கெதி.

முதல் தையல் சுருள் கயிறு. இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு நூல் எடுத்து, ஒரு முழம் நுனி விட்டு, வேறு நிற மணி ஒன்றைப் போட்டு அதற்குள்ளேயே இன்னொரு முறை ஊசியை விடுங்கள். மற்ற மணி கழராமல் தடுக்க இது, பிறகு கழற்றிவிடலாம். நடுவுக்கு ஒரு நிறம், வெளிக்கு ஒரு நிறம். நடு மணி 4, வெளி மணி 3 கோர்த்து, அந்த 4 நடு மணிக்குள்ளும் கீழிருந்து மேலாகத் திரும்ப ஊசியை விட்டு இழுங்கள். வளையம் ஒன்று வரும். வெளி மணி மூன்றையும் இடப்பக்கம் தள்ளிவிடுங்கள். அடுத்து நடு மணி 1, வெளி மணி 3 எடுங்கள். ஏற்கனவே உள்ள நடு மணிகளில் மேல் மூன்றுக்குள்ளும், இப்போது எடுத்த நடு மணிக்குள்ளும் ஊசி மேலே போகட்டும். இழுத்து, புது வெளி மணிகளையும் இடப்பக்கமாக முந்தினதுக்குப் பக்கத்தில் சாய்த்துவிடுங்கள். முழுத் தையலும் இவ்வளவுதான். ஐந்தாறு தரம் செய்ததும் சுருள் தானாகத் தெரியத் தொடங்கும். ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் தள்ளினால் சுருள் வராது.

இதில் ஒவ்வொரு நடு மணிக்குள்ளும் நூல் ஐந்து முறை போகிறது. துளை சிறுத்ததை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஊசி இறுகினால் குறட்டால் இழுக்காதீர்கள், மணி வெடிக்கும். வெளி மணியில் தடிப்பு மெலிவு எப்படி இருந்தாலும் சுருளுக்குள் மறைந்துவிடும். ஒதுக்கி வைத்த தடித்த மணியை வெளி மூன்றின் நடுவில் போட்டால் இன்னும் வடிவு. வெளியில் நூல் தெரிந்தால் மூன்றை நாலாக்குங்கள். கழுத்து மாலை, காப்பு, சின்னப் பிள்ளைகளின் அரைப்பாவாடைக்கு ஏற்ற சங்கிலி எல்லாம் இந்த ஒரு தையலில் முடியும்.

இரண்டாவது செங்கல் தையல், காதணிக்கு. முதலில் ஏணி ஒன்று கட்ட வேண்டும். 2 மணி கோர்த்து, முதல் மணிக்குள் முன்பு போன திசையிலேயே திரும்ப விட்டு இழுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கமாக நிற்கும். இரண்டாவதுக்குள் ஊசியை விடுங்கள். அடுத்த மணியை எடுத்து, நூல் வெளிவந்த மணிக்குள் திரும்பப் போய், புது மணிக்குள்ளும் போங்கள். 7 மணி சேரும்வரை இப்படியே. இந்த ஏழும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும், இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏணியின் மேல் ஓரத்தை வடிவாகப் பாருங்கள். இரண்டு மணிக்கு இடையில் ஒவ்வொரு நூல் பாலம் தெரியும். 7 மணிக்கு 6 பாலம். 2 மணி எடுத்து, முதல் பாலத்தை விட்டு இரண்டாவது பாலத்துக்குக் கீழால் ஊசியைக் கொண்டுபோய், இரண்டாவது மணிக்குள் மேலே வாருங்கள். முதல் மணி ஆடும். அதை இருத்த முதல் மணிக்குள் கீழே இறங்கி, திரும்ப இரண்டாவதுக்குள் ஏறுங்கள். அதன்பிறகு ஒரு மணி, ஒரு பாலம், அதே மணிக்குள் மேலே. வரிசைக்கு ஒரு மணி தானாகக் குறைந்து 7, 6, 5 என்று முக்கோணமாகப் போகும். முதல் பாலத்திலேயே குத்தினால் குறையாமல் சதுரமாகப் போகும். ஓரத்தில் இடம் காணாது என்றால் மெலிந்த மணிக் கிண்ணம் இருக்கிறது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகப் பாலத்தில் இருப்பதால் அந்த இடத்துக்குப் பொருந்துகிற மணியாகப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். மேலே 2 மணி மிஞ்சும்போது நிறுத்தி, 5 மணி கோர்த்து ஒன்றிலிருந்து மற்றதுக்குள் இறங்கினால் கொக்கி மாட்டுகிற வளையம். அதற்குள் மூன்று தரமாவது சுற்றி விடுங்கள். காதுக் கொக்கி துருப்பிடிக்காத உருக்காக இருந்தால் பெரும்பாலும் காது கடிக்காது, கடற்காற்றுக்கும் நிற்கும்.

நூலை ஓரத்து மணிகளுக்குள்ளால் ஏணிக்கு இறக்கினால் தொங்கல் வைக்கலாம். 6 மணி கோர்த்து, கடைசி ஒன்றை விட்டு மற்ற ஐந்துக்குள்ளும், ஏணி மணிக்குள்ளும் மேலே ஏறி, அடுத்த ஏணி மணிக்குள் இறங்குங்கள். நடுவுக்குப் போகப்போக ஒவ்வொன்றாகக் கூட்டி, பிறகு குறையுங்கள். இறுக்கி இழுத்தால் தொங்கல் விறைத்து நிற்கும். ஒரு நூல் அகலம் தளர விடுங்கள்.

பெயோட்டிக்கு வருவோம். இதில் ஒரு மணி இரண்டு பக்க மணிகளுக்கும் நடுவில் இறுகி இருக்கும். ஒன்று தடித்தால் அந்த நிரை முழுக்க நெளியும். தெரிந்தெடுத்த 8/0 மணியில் பழகுங்கள். கைக்கு வந்த பிறகு, கனடாவிலோ லண்டனிலோ இருந்து யாராவது வந்தால் மியூக்கியின் டெலிகா 11/0 ஒரு பைக்கற் கேளுங்கள். குழாய் வடிவம், துளை பெரிது, கிராமுக்கு ஏறத்தாழ 200 மணி வரும். சொக்லேற்றைவிட அதுதான் எனக்குப் பிரயோசனம்.

சிவப்பு, வெள்ளை மாறி மாறி 8 மணி கோருங்கள், கடைசி வெள்ளையாக வரட்டும். ஒரு வெள்ளை எடுத்து, கடைசி வெள்ளையைத் தாண்டி அதற்கு அடுத்த சிவப்புக்குள் ஊசியை விடுங்கள். திரும்ப ஒரு வெள்ளை, ஒன்றைத் தாண்டி அடுத்த சிவப்பு. கையில் வெள்ளை என்றால் ஊசி சிவப்புக்குள். ஓரம் வந்ததும் கையில் சிவப்பு எடுத்து வெள்ளைக்குள். முதலில் கோர்த்த 8 மணியும் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடுவதால் இந்த மூன்றாவது வரிசை எல்லோருக்கும் சிக்கும், மணி திருகும். மேசையில் தட்டையாக வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு தையுங்கள். நாலாவது வரிசையில் பற்கள் மாதிரி மேடு பள்ளம் தெரிந்த பிறகு பள்ளத்தில் மணி வைப்பதுதான் வேலை. நிறம் இரண்டும் நேர்கோடாக ஓடினால் சரியாகப் போகிறீர்கள். கோடு முறிந்த இடத்தில்தான் பிழை, அதுவரை பிரியுங்கள்.

நூல் ஒரு சாண் மிஞ்சும்போது அதை மணிகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, இடையில் இரண்டு அரைமுடிச்சுப் போட்டு வெட்டுங்கள். புது நூலையும் அப்படியே உள்ளே ஓட்டித் தொடங்குங்கள். பசை வேண்டாம், காய்ந்தால் துளை அடைபடும். காப்புக்கு மணிக்கட்டை அளந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூட்டுங்கள். உலோகக் கொக்கிக்குப் பதிலாக ஒரு நுனியில் 6/0 மணி, மறு நுனியில் அது மட்டுமட்டாக நுழைகிற வளையம் வைத்தால் எங்கள் உப்புக் காற்றில் களிம்பு பிடிக்க ஒன்றும் இருக்காது. வளையத்தை முடிக்க முன்னர் அந்த மணியை ஒருமுறை உள்ளே விட்டுப் பாருங்கள். நூல் திரும்பத் திரும்ப ஓட வளையம் கொஞ்சம் சிறுக்கும், அதனால் தேவைக்கு ஒரு மணி கூட்டிப் போடுவது நல்லது.