வாழையிலை ஆடினாலும் அலேர்ட்: வீட்டுக் கமராவில் விடும் பிழைகள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் வன்னியில் கமரா பூட்டிய வீடுகளில் போன் ஓயாது. வாழையிலை ஆடினால் ஒரு அலேர்ட், ஒழுங்கையால் மாடு போனால் ஒன்று, உழவு இயந்திரத்தின் வெளிச்சம் மதிலில் பட்டால் இன்னொன்று. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பலர் நோட்டிபிகேஷனையே நிற்பாட்டி விடுகிறார்கள். இருக்கிற பிழைகளில் பெரியது இதுதான். உண்மையிலேயே ஆள் மதில் ஏறும் இரவிலும் போன் பேசாமல் கிடக்கும்.

விலை குறைந்த வைஃபை கமராக்கள் பல, முந்திய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு எங்கே மாற்றம் என்றுதான் பார்க்கின்றன. முற்றத்தில் மேக நிழல் நகர்ந்தாலும் அவற்றுக்கு அது அசைவு. ஆகவே கமராவின் கண்ணில் என்னென்ன விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். எங்கள் பக்கம் வளவுகள் பெரிது. முழு வளவும் தெரிய வேண்டும் என்று கூரை உயரத்தில் பூட்டிவிடுவோம். வேலிக்கு வெளியே ஒழுங்கை, அதற்கப்பால் வயல், வானம் எல்லாம் விழும். இரண்டரை, மூன்று மீற்றர் உயரம் போதும். கீழ்நோக்கிச் சரித்து, படலையும் வாசலும் விழுந்தால் சரி. மெல்லிய குழாயிலோ மரத்திலோ கட்டாதீர்கள். காற்றுக்குக் கமரா ஆடினால் படம் முழுவதும் ஆடும், பிறகு எந்த செட்டிங்கும் உதவாது.

சென்சிட்டிவிட்டியை, அதாவது கமரா எவ்வளவு சின்ன அசைவுக்கும் அலேர்ட் தரும் என்ற அளவை, ஒரேயடியாகக் குறைப்பது அடுத்த பிழை. கமராவுக்குப் பக்கத்தில் ஆடும் மாங்கொப்பு பெரிதாகத் தெரியும், அது தொடர்ந்து அலேர்ட் தரும். படலையடியில் சின்னதாகத் தெரியும் ஆள்தான் தவறிப்போவார். முதலில் ஆப்பில் கண்காணிக்கும் பகுதியைக் கோடு போட்டுக் குறியுங்கள், மரத்தை வெளியே விடுங்கள். மனிதரை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்; நாய், குரங்கு, மயில் பெரும்பாலும் கழிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் படலையிலிருந்து வாசல்வரை ஒருவரை நடக்கவிட்டுப் பாருங்கள், பகலில் ஒருக்கா, இருட்டில் ஒருக்கா.

இருட்டில்தான் உண்மையான தொல்லை. கமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் லென்ஸுக்கு அருகே வரும் எதையும் வெள்ளையாக எரியவைக்கும். மெல்லிய சிலந்தி நூல் ஒன்று திரையில் தும்புக்கயிறு மாதிரித் தடிப்பாக ஆடும். மாரியில் மழைத்துளியும் ஈசலும் அப்படியே. உலர்ந்த மெல்லிய துணியால் அடிக்கடி துடையுங்கள், பூச்சிமருந்தை லென்ஸில் அடிக்க வேண்டாம். கமராவுக்கு நேர் மேலே பல்ப் போடுவதும் பூச்சியை வரச்சொல்லி அழைப்பதுதான். பல்ப்பைச் சில மீற்றர் தள்ளிப் போட்டுவிட்டு, கமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துப் பாருங்கள், நல்ல வித்தியாசம் தெரியும்.

பற்றரியிலோ சோலரிலோ ஓடும் கமராக்களில் பல வெப்பத்தின் அசைவை உணர்பவை. நேரே தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். ஆகவே நடைபாதைக்குப் பக்கவாட்டில் பூட்டுங்கள். கொதிக்கும் மத்தியானத்தில் சூழலின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது ஆளைத் தவறவிடலாம், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைதான் ஆப்பைச் சரிசெய்து தந்தது என்றால் கமராவின் நேர வலயத்தைப் பாருங்கள். கோடையில் அங்கே நம்மைவிட ஒன்பதரை மணிநேரம் பின்னால். இரவு 10 முதல் காலை 5 வரை அலேர்ட் என்று அந்த நேரத்தில் போட்டிருந்தால், இங்கே அது காலை 7.30 முதல் பிற்பகல் 2.30 வரை: கோழியும் ஆடும் முற்றத்தில் மேயும் நேரம். இரவு முழுக்கக் கமரா வாய் திறக்காது. வலயத்தைக் கொழும்பு நேரத்துக்கு, அதாவது +5:30க்கு, மாற்றிவிட்டால் முடிந்தது.